மட்டாஞ்சேரியும் சொற்பொருள் ஆராய்ச்சியும்

கொச்சி நகரத்தின் பழைய பகுதியாகிய மட்டாஞ்சேரி, காயலை ஒட்டிய பஜார் தெருவில் தொடங்கி யூதத் தெரு முடிய ஒருவர் ஒரு பிற்பகலில் சுற்றி வந்துவிடக்கூடிய சிறு நிலப்பரப்பே ஆயினும், அங்கே வழங்கும் பாஷைகளின் பெருக்கத்தை நோக்கினால் அதற்கு ஈடான இடம் தென்னாட்டில் வேறு உண்டோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக மலையாளம் இருக்க, திருமலை தேவஸ்வத்தைச் சூழ்ந்த தெருக்களில் கௌட சாரஸ்வதர்களின் கொங்கணியும், குஜராத்தித் தெருவில் குஜராத்தியும், மேமன் வணிகர் இல்லங்களில் கச்சியும், தக்கனி முஸ்லிம்களிடத்தில் தக்கனி உருதும் கேட்கின்றன. பக்கத்திலே ஃபோர்ட் கொச்சியைச் சேர்ந்த வெளி என்னும் இடத்தில், டச்சுக்காரர் காலத்தில் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோர் வரவழைக்கப்பட்டதாக வழிவழியாகச் சொல்லிவரும் வண்ணார் குடும்பத்தார், வீட்டில் இன்றும் தமிழ் பேசுகின்றனர். பரதேசி யூதர்களின் தேவாலயம் 1568இல் எழுந்த இவ்வூரில், யூதர்கள் பேசிய மலையாளம் தனக்கென ஒரு சாயலைக் கொண்டிருந்தது. இத்தகைய ஊர், மொழி ஆராய்ச்சியில் கருத்துள்ளவர்களுக்கு, சிறப்பாகச் சொற்பொருள் ஆராய்ச்சியில் கருத்துள்ளவர்களுக்கு, ஒரு சோதனைச்சாலையாகவே அமைந்துள்ளது.

மொழியின் உறுப்புகளுள் ஒலியை ஆராய்வது ஓரளவு எளிது. ஏனெனில் ஒலி காதுக்குப் புலனாவது, கருவியில் பதிவாவது, அளந்து சொல்லத் தகுந்தது. சொல்லமைப்பும் தொடரமைப்பும் அவ்வாறே வெளிப்பட நிற்பவை. பொருளோ பேசுவோர் உள்ளத்திலும் கேட்போர் உள்ளத்திலும் கிடப்பது. எந்தக் கருவியும் அதனை நேரே பற்றிக்கொள்ளாது. ஒரு சொல்லுக்குப் பொருள் கூறுக என்றால் நாம் இன்னொரு சொல்லைக் கூறுகிறோம். அந்தச் சொல்லுக்கும் பொருள் கேட்கத் தொடங்கினால் அந்தக் கேள்விக்கு வரம்பே இல்லாமல் போய்விடும் என்பதைத் தொல்காப்பியர் உரியியலிலேயே உணர்ந்து கூறியிருக்கிறார். உலகத்துப் பெருமொழிகளுக்கெல்லாம் அகராதிகள் நிறைந்துவிட்ட இக்காலத்திலும் அவர் சுட்டிய இடர் அப்படியேதான் இருக்கிறது. எழுத்து வடிவமோ அகராதியோ இல்லாத தொல்குடி மொழிகளை ஆராய்கிறவர்களுக்கு அது முதல் நாளே எதிர்ப்படுகிறது.

பொருளை எந்த வழியால் அறிவது என்னும் வினாவுக்கு மூன்று விதமான விடைகளை மட்டாஞ்சேரியின் சரித்திரத்திலிருந்தே எடுத்துக் காட்டலாம். பரதேசி தேவாலயத்தில் பாதுகாக்கப்பட்டுவரும் செப்பேடு அவற்றுள் முதலாவது. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் தன் முப்பத்தெட்டாம் ஆட்சியாண்டில் ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு முயிரிக்கோட்டிலிருந்து அளித்த சாசனம் அது, காலம் கி.பி. 1000 என்று வரலாற்றாசிரியர் எம். ஜி. எஸ். நாராயணன் நிர்ணயித்தார். வட்டெழுத்தில் பொறித்த அந்தப் பாஷை, தமிழ் கற்றவர் சற்று முயன்றால் தாமே படித்துப் பொருள் கொள்ளக்கூடிய அளவுக்கு நமக்கு நெருக்கமானது. அந்த நெருக்கமே நம்மை ஏமாற்றவும் செய்யும். ரப்பானுக்கு அளிக்கப்பட்ட எழுபத்திரண்டு உரிமைகளுள் பகல்விளக்கும் பாவாடையும் இருக்கக் கண்டு, இன்றைய தமிழர் பாவாடை என்பதைப் பெண்கள் உடுக்கும் ஆடை என்று எண்ணினால், ஒரு வணிகத் தலைவனுக்கு மன்னன் அதை ஏன் அருளினான் என்று திகைக்கவே நேரும். பெரியோர் நடந்து வரும்போது அவர் காலடியில் விரிக்கும் துணியே அங்கே கருதப்பட்டது. திருவிழாக் காலங்களில் நடைபாவாடை விரிக்கும் வழக்கத்தில் அப்பொருள் நம்மிடத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது.

பாவாடைக்காவது நடைபாவாடை என்னும் துணை கிடைத்தது. அதே சாசனத்தில் வரும் அஞ்சுவண்ணம் என்னும் சொல்லுக்கு அத்தகைய துணை ஒன்றும் இல்லை. 1844இல் இச்செப்பேட்டை மொழிபெயர்த்து ஆராய்ந்த ஹெர்மன் குண்டர்ட், அச்சொல் யூதர்களுக்கு அளித்த ஒரு சிற்றரசைக் குறிக்கும் என்று கருதினார். அஞ்சு என்பதையும் வண்ணம் என்பதையும் பிரித்து, ஐந்து சாதி என்றும் ஐந்து தொழிலாளர் வகுப்பு என்றும் பொருள் கண்டவர்களும் உண்டு. சொல்லை உடைத்துப் பார்த்தால் பொருள் வெளிப்பட்டுவிடும் என்பது பண்டிதர்களுக்கு எக்காலத்தும் உள்ள ஆசை. இங்கே அந்த ஆசை வழி தவறச் செய்தது. பிறகு, 849ஆம் ஆண்டின் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் மணிக்கிராமம் என்னும் வணிகர் குழுவோடு அஞ்சுவண்ணம் சேர்ந்து வருவதும், ராமநாதபுரக் கடற்கரையின் தீத்தாண்டதானபுரத்துக் கல்வெட்டில் பிற வணிகச் சங்கங்களின் வரிசையில் அது இடம்பெறுவதும், அதன் உறுப்பினராகக் காணப்படுவோர் பலர் மேற்காசியப் பெயர்களைத் தாங்கியிருப்பதும் ஒன்றுசேர்த்து நோக்கப்பட்டன. அஞ்சுவண்ணம் என்பது கடல் கடந்து வந்த மேற்காசிய வணிகர்களின் சங்கம் என்பதும், கூட்டம் என்று பொருள்படும் அஞ்சுமன் என்னும் பாரசீகச் சொல்லே தமிழ் நாவில் இவ்வாறு திரிந்தது என்பதும் ய. சுப்பராயலு போன்ற ஆராய்ச்சியாளர்களால் தெளிவாயின.

இங்கே வழிகாட்டியது சொல்லின் உடலைப் பற்றிய ஆராய்ச்சியன்று. அச்சொல் எந்தச் சொற்களோடு கூடி வாழ்ந்தது என்னும் ஆராய்ச்சி. சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் என்னும் ஆங்கில மொழியியலறிஞர் 1957இல் வற்புறுத்தினார். இன்று கணிப்பொறிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்துச் சொற்களின் உறவுகளை அறிந்துகொள்வதும் இந்தத் தத்துவத்தின் மேல்தான். ஆயினும் இந்த வழிக்கு ஒரு குறை உண்டு. செப்பேடு தான் சொன்னதை மட்டுமே சொல்லும். எதைச் சொல்லக்கூடாது என்பதை ஒருபோதும் சொல்லாது. அஞ்சுவண்ணத்தைச் சேராத ஒரு யூத வணிகனையும் அப்பெயரால் குறிக்கலாமா என்று நாம் கேட்டால், அந்தத் தாமிரத் தகடுகள் மௌனமாகவே இருக்கும். இந்த மௌனத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மேலே நான் சொல்லப்போவது முழுவதும் இதைப் பற்றியதே.

இரண்டாவது விடை, பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் உருவாகி ஆம்ஸ்டர்டாமில் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் என்னும் பெருங்கிரந்தம். டச்சு வணிகக் கம்பெனியின் மலபார்த் தலைவராயிருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலையாள நாட்டின் 742 தாவரங்களைப் படத்தோடும் விவரத்தோடும் அதில் தொகுத்தார். தொகுத்தவர் அவர் என்றாலும், அறிவு அவருடையதன்று. சேர்த்தலையை அடுத்த கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதனும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தண வைத்தியர் மூவரும் அளித்த அறிவே நூலின் உயிர். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20ஆம் நாள் கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சாட்சியப் பத்திரம் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கிறது. கொங்கணி வைத்தியர்களின் பத்திரமும் உடனிருக்கிறது. தாங்கள் மஹாநிகண்டு என்னும் மருத்துவ நூலை ஆதாரமாகக் கொண்டதை அவர்கள் அதிலே குறித்துள்ளனர்.

இட்டி அச்சுதன் மலையாளத்தில் சொல்லச் சொல்ல, அதை இம்மானுவேல் கர்னேரோ போர்த்துக்கீசியத்தில் ஆக்கினார். போர்த்துக்கீசியத்திலிருந்து டச்சுக்கும், பின்னர் லத்தீனுக்கும் அது சென்றது. இவ்வாறு மும்முறை பாஷை மாறிய விஷயம், வைத்தியர் வாயிலிருந்து புறப்பட்ட வடிவிலேயே வாசகன் கையை அடைந்திருக்கும் என்று எண்ணுவதற்கில்லை. ஆனால் ஒன்று மட்டும் மாறாமல் பயணம் செய்தது. செடிகளின் பெயர்களை அவர்கள் மொழிபெயர்க்கவில்லை. நாட்டுப் பெயரை உள்ளபடியே ரோமன் எழுத்தில் எழுதியதோடு, முதல் தொகுதிப் படங்களின் மேல் மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் பெயர்களைப் பொறித்தனர். (இதே கொச்சியில், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன், 1579இல் தமிழில் அச்சான கிரீசித்தியாணி வணக்கம் என்னும் நூலை ஆக்கிய பாதிரிமாரும், தங்கள் சமயக் கருத்துகள் பலவற்றுக்குப் போர்த்துக்கீசியச் சொற்களையே தமிழெழுத்தில் நிறுத்திவிட்டனர். மொழிபெயர்க்க முடியாததை மொழிபெயர்க்காமல் விடுவதும் ஒரு விதமான அறிவு நேர்மையே.)

பெயர்கள் அப்படியே நின்றதனால் விளைந்த பயன் சாமானியமானதன்று. லின்னேயஸ் 1753இல் தாவரங்களுக்கு இருசொற்பெயர் வழங்கியபோது மலபார்ச் செடிகள் பலவற்றுக்கு இந்நூலையே ஆதாரமாகக் கொண்டார். பதினோராம் தொகுதியில் ஏலச்செடி எலெட்டாரி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. ஏலத்தின் விதைமணியைக் குறிக்கும் ஏலத்தரி என்னும் மலையாளச் சொல்லே அது. 1811இல் அச்சொல்லை அடியொற்றி எலெட்டேரியா என்னும் பேரினப் பெயர் உருவாகி, இன்று உலகத்துத் தாவரவியல் நூல்களிலெல்லாம் வழங்குகிறது. மட்டாஞ்சேரிப் பண்டகசாலையில் மூட்டையிலிருந்து அள்ளிக் காட்டும் மணிக்கு உரிய பெயர், முழுச் செடிக்கும் அதன் இனத்துக்கும் உரிய பெயராகிவிட்டது.

இனி, இந்நூலிலே பனை என்று முடியும் பெயர்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம்முடைய பனையின் பெண்மரம் கரிம்பன, ஆண்மரம் ஆம்பன. ஓலைக்குடைக்கும் ஏட்டுச்சுவடிக்கும் உதவிய தாளிப்பனை, நூலில் கொட்டப்பன என்று எழுதப்பட்ட குடப்பன. கூந்தற்பனை சூண்டப்பன. இவற்றோடு தொட்டப்பன என்று ஒன்றும் வருகிறது. படத்தைப் பார்த்தால் அது சைக்கஸ் மரம். சைக்கஸ் பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. அது பூவே பூக்காத, மிகத் தொன்மையான வேறொரு தாவர வகுப்பு. அதே சமயம், தாவரவியலார் பனைக் குடும்பத்திலேயே வைக்கும் தெங்கும் கமுகும் இந்நூலில் பன என்னும் பெயரைப் பெறவில்லை. ஆகவே பன என்பதற்குப் பனைக் குடும்பத்து மரம் என்று பொருள் எழுதும் அகராதி இரு பக்கமும் பிழைபடுகிறது. சேராததைச் சேர்க்கிறது, சேர்ந்ததை விலக்குகிறது. விசிறி போன்ற ஓலையுடையது என்று கொள்ளலாமா என்றால் கூந்தற்பனைக்கும் சைக்கஸுக்கும் அத்தகைய ஓலை இல்லை. பஞ்ச காலத்தில் மாவு தரும் மரம் என்று கொள்ளலாமா? தாளிப்பனை, கூந்தற்பனை இரண்டின் உட்சோற்றிலிருந்தும் சைக்கஸின் விதையிலிருந்தும் மாவெடுத்து உண்ணும் வழக்கம் மலையாள நாட்டில் உண்டு. நம் பனையோ கிழங்கைத் தருகிறது. இது கவர்ச்சியான ஊகம், ஆனால் ஊகமே.

நாட்டுமக்கள் இட்ட பெயர்களில் ஒழுங்கில்லை என்று எண்ணுவது பெரும்பிழை. மெக்சிகோ நாட்டின் செல்தால் என்னும் தொல்குடி மக்களின் தாவரப் பெயர்களை பிரென்ட் பெர்லினும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்து 1974இல் வெளியிட்ட நூல், எழுத்தறியாத மக்களும் பேரினம் என்றும் அதன் உட்பிரிவு என்றும் அடுக்கடுக்காகவே உலகத்தைப் பகுத்துப் பெயரிடுகின்றனர் என்பதை நிலைநாட்டிற்று. கரிம்பன, ஆம்பன என்பனவும் அந்த அடுக்கைச் சேர்ந்தவையே. தமிழர்க்கு இது புதிதன்று. வெளியே வயிரமுள்ளது புல், உள்ளே வயிரமுள்ளது மரம் என்று மரபியலில் தொல்காப்பியர் வகுத்த இலக்கணத்தின்படி பனையும் தெங்கும் புல்லினத்தைச் சேரும். இன்றைய தாவரவியலாரும் அவற்றை நெல்லும் மூங்கிலும் அடங்கும் ஒருவிதையிலைத் தாவரப் பெரும்பிரிவிலேயே வைக்கின்றனர். பேச்சிலே நாம் தென்னைமரம் என்றாலும், அதன் ஓலையை இலை என்று சொல்லுவோர் தமிழ்நாட்டில் எவரும் இல்லை. அந்தப் பழைய பாகுபாடு, நம்மை அறியாமலே நம் நாவில் இன்னும் காவல் காத்து நிற்கிறது.

கோழிக்கோட்டுத் தாவரவியல் பேராசிரியர் கே. எஸ். மணிலால் பல பதின்ம ஆண்டுகள் உழைத்து, நூலில் கண்ட செடிகளை மீண்டும் காடுமேடெல்லாம் தேடி அடையாளம் கண்டு, பன்னிரண்டு தொகுதிகளையும் ஆங்கிலத்தில் ஆக்கினார். கேரளப் பல்கலைக்கழகம் அதை 2003இல் வெளியிட்டது. தனி ஒரு மனிதர் செய்த தொண்டுகளுள் இதற்கு நிகரானவை சிலவே. செடிகள் கிடைத்தன, பெயர்கள் கிடைத்தன. ஆனால் இட்டி அச்சுதனைக் கமுகின் அடியிலே நிறுத்தி, ‘வைத்தியரே, இதைப் பன என்று சொல்லலாமா? ஏன் கூடாது?’ என்று கேட்பதற்கு இனி வழியில்லை. அவர் சொன்ன பெயர்கள் மட்டுமே அச்சேறின. எது பன அன்று என்பதை எவரும் அவரிடம் கேட்டு எழுதி வைக்கவில்லை.

கேட்பதற்கு ஆள் இருக்கும்போது என்ன செய்யலாம் என்பதே மூன்றாவது விடை. தற்காலச் சொற்பொருளியலின் வழியும் அதுவே. சென்ற நூற்றாண்டின் இறுதி வரையில் பொருளைப் பற்றிய நுட்பமான கொள்கைகளெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தையும் அதற்கு உறவான ஐரோப்பிய பாஷைகளையும் வைத்தே வகுக்கப்பட்டன. அவை மனித குலம் முழுவதற்கும் பொருந்துமா என்று சோதிக்க, தொல்குடி மொழிகளிடம் செல்ல வேண்டியதாயிற்று. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வழங்கும் லில்லூயட் என்னும் சாலிஷ் குடும்ப மொழியை ஆராய்ந்த லிசா மாத்யூசன் 1998இல் வெளியிட்ட நூல் இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் the, a என்னும் இரண்டு சார்படைகள், கேட்பவனுக்கு முன்பே தெரிந்த பொருள், தெரியாத பொருள் என்னும் வேற்றுமையை உணர்த்துகின்றன. லில்லூயட் மொழியின் சார்படைகளோ அந்த வேற்றுமையைப் பொருட்படுத்துவதே இல்லை. அப்படி ஒன்று உள்ளதென்று பேசுகிறவன் உறுதி கூறுகிறானா இல்லையா என்பதையே அவை உணர்த்துகின்றன. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லி, இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்லுவீர்கள் என்று மட்டும் கேட்டிருந்தால், ஆங்கிலச் சார்படைக்கு நேராக ஏதோ ஒன்று கிடைத்திருக்கும். அதற்கும் ஆங்கிலப் பொருளையே எழுதி வைத்து மனநிறைவோடு திரும்பியிருப்பார்கள்.

2004இல் எழுதிய ஒரு கட்டுரையில் மாத்யூசன் இந்த முறையைத் தெளிவாக விளக்கினார். மொழிபெயர்ப்பு ஒரு குறிப்பேயன்றி முடிவன்று. ஆராய்ச்சியாளர் முதலில் ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்க வேண்டும். பிறகு ஒரு வாக்கியத்தைச் சொல்லி, இந்தச் சந்தர்ப்பத்தில் இதைச் சொல்லலாமா என்று கேட்க வேண்டும். ‘சொல்லலாம்’ என்னும் விடையைக் காட்டிலும் ‘இங்கே அப்படிச் சொல்ல மாட்டோம்’ என்னும் விடை விலையுயர்ந்தது. பொருளின் எல்லைக்கோடு அந்த மறுப்பிலேதான் புலப்படுகிறது.

இதை மட்டாஞ்சேரியின் ஏலக்காய்க் கடையிலேயே செய்து பார்க்கலாம். மலையாளத்தில் உண்டு, ஆணு என்று இரண்டு வினைகள் உள்ளன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே வினைதான். வாங்க வந்தவர் ‘ஏலம் உண்டோ?’ என்று கேட்கிறார் என்பது முதல் சந்தர்ப்பம். கடைக்காரர் ‘உண்டு’ என்பார். ‘ஆணு’ என்று சொல்ல அவர் நா எழாது. இரண்டாவது சந்தர்ப்பத்தில், ஏலம் வாங்கி வைத்தாகிவிட்டது, அது இருப்பது இருவருக்கும் தெரியும், எங்கே என்பதுதான் கேள்வி. அப்பொழுது ‘கோடௌணில் ஆணு’ என்பதே இயல்பான விடை. மூன்றாவதாக, ஒரு மணியைக் கையில் காட்டி இது என்ன என்று கேட்டால், ‘இது ஏலம் ஆணு’ என்பார். ‘இது ஏலம் உண்டு’ என்று நீங்கள் சொல்லிக் காட்டினால் அவர் உடனே தலையசைத்து மறுத்து, ‘இதில் ஏலம் உண்டு’ என்று திருத்துவார். திருத்தியவுடன் பொருளும் மாறி, கலந்த மசாலாப் பொட்டலத்தைப் பற்றிய பேச்சாகிவிடும். உண்டு என்பது ஒன்றின் இருப்பையும் உடைமையையும் நிறுவுவது. ஆணு என்பது முன்பே நிறுவப்பட்ட ஒன்றை இன்னது, இன்ன இடத்தது என்று இணைப்பது. கே. பி. மோகனனும் தாரா மோகனனும் இவ்விரு வினைகளைப் பற்றி 1999இல் எழுதிய ஆராய்ச்சி, மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் உணராமல் கையாண்டுவந்த இந்த நியதியை வெளிப்படுத்திற்று. தமிழிலோ நாம் ‘இது ஏலக்காய்’ என்று வினையே இல்லாமல் முடித்துக்கொண்டு, இருப்புக்கு மட்டும் இரு என்பதையும் உண்டு என்பதையும் அழைக்கிறோம்.

உண்டு என்னும் அந்த வினை இன்னொரு பெரிய வினாவுக்கும் நம்மை இட்டுச் செல்கிறது. நாம் ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்கிறோம். மலையாளத்தார் ‘அவள்க்கு பொக்கம் உண்டு’ என்கின்றனர். உயரம் அவளுக்கு உடைமையாகிறது. நிக்கராகுவாவின் உல்வா என்னும் தொல்குடி மொழியிலும் குணத்தைச் சொல்லும் சொற்கள் உடைமை உருபையே ஏற்று வருகின்றன. குணம் என்பது ஒருவர் இருக்கும் நிலையா, அவரிடம் உள்ள ஒரு பொருள் போன்றதா? தத்துவ சாஸ்திரத்தில் குணகுணி சம்பந்தம் என்று நெடுங்காலம் வாதிக்கப்பட்ட இவ்விஷயத்தை, ஃபிரான்செஸ், கூன்ட்ஸ்-கார்போடன் என்னும் இரு மொழியியலறிஞர் 2017இல் வெளியிட்ட நூலில் உல்வா முதலிய மொழிகளின் வாக்கியங்களைக் கொண்டே ஆராய்ந்துள்ளனர். மனிதர்க்குப் பொதுவான ஒரே கருத்தை மொழிகள் வெவ்வேறு உடையில் காட்டுகின்றனவா, கருத்தே வேறுபடுகிறதா என்னும் வழக்கு இன்னும் முடிவாகவில்லை. கருத்தே வேறுபடுகிறது என்ற பக்கம் நான் சாய்கிறேன். மட்டக்களப்பில் பறங்கியர் பேசும் போர்த்துக்கீசியம், எனக்குப் பசி, எனக்கு விருப்பம் என்னும் தமிழ்ப் போக்கைத் தன் வாக்கியங்களுக்குள் ஏற்றுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அண்டை மொழியின் சொல்லைக் காட்டிலும் அதன் பார்வையே ஆழமாகப் பற்றிக்கொள்கிறது என்று தோன்றுகிறது.

கொச்சியிலும் அத்தகைய போர்த்துக்கீசியக் கலப்புமொழி ஒன்று பிறந்து, நானூறு ஆண்டுகளுக்கு மேல் வழங்கிற்று. ஹ்யூகோ கார்டோசோ என்னும் போர்த்துக்கீசிய மொழியியலறிஞர் அதனைத் தேடி வந்தபோது, நன்றாகப் பேசக்கூடியவர் எதிர்க்கரையிலுள்ள வைப்பீன் தீவில் ஒரே ஒரு முதியவர். அவரிடம் கேட்டு இயன்றவரை பதிவு செய்தார். 2010 ஆகஸ்டில் அம்முதியவர் காலமானார். பதிவுகள் நம்மிடம் உள்ளன. இனி அவை செப்பேட்டின் நிலையை அடைந்துவிட்டன. புதிய வாக்கியம் ஒன்றை அமைத்து, இப்படிச் சொல்லலாமா என்று கேட்டால் மறுப்பதற்கு ஒருவரும் இல்லை.

யூத மலையாளத்தின் நிலை அதற்கு ஒரு படி முந்தியது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தபோது, அவர்களுடைய பெண்கள் தலைமுறைகளாக ஏட்டில் எழுதிப் பாடிவந்த மலையாளப் பாட்டுகளையும் உடன் கொண்டு சென்றனர். ஸ்கரியா சக்கரியாவும் ஒஃபிரா கம்லியேலும் அவற்றை எபிரேய மொழிபெயர்ப்போடு 2005இல் ஜெருசலேமில் பதிப்பித்தனர். அந்த வழக்கில் ஒருவர் இறந்ததைச் சொல்ல ‘சாலோம் ஆயி’ என்பார்கள். எபிரேய அகராதியில் சாலோம் என்பது அமைதி, நலம், வாழ்த்து. மலையாள அகராதியில் ஆயி என்பது ஆயிற்று. இரண்டையும் கூட்டினால் இறப்பு வாராது. சமாதானமாயிற்று என்று எண்ணி அயலார் மகிழவும் கூடும். நாமும் ‘காலமானார்’ என்கிறோம். காலம், ஆனார் இரண்டையும் அறிந்த வேற்றுநாட்டார் அதைக் கேட்டு என்ன எண்ணுவார்? ஆனால் ‘சாலோம் ஆயி’ என்பதை மனிதருக்கு மட்டும் சொல்லுவதா, மாற்று மதத்தாருக்கும் சொல்லுவதா, விபத்தில் இறந்தவருக்குச் சொல்லுவதா என்பனவெல்லாம், அதைப் பேசி வளர்ந்த முதியோர் சிலர் இஸ்ரேலில் இருக்கும் இந்த நாட்களில் மட்டுமே கேட்டறியத் தக்கவை.

நம் நாட்டில் வட்டார வழக்குகளைப் பற்றிய ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. வ. அய். சுப்பிரமணியம் மேற்கொண்டு 1974இல் வெளியிட்ட மலையாளக் கிளைமொழி ஆய்வு போன்ற பெருமுயற்சிகள் நடந்துள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொற்பட்டியலோடு ஊர் ஊராகச் சென்றுள்ளனர். அவை பெரும்பாலும் ஒலியையும் சொல்வடிவையும் திரட்டியவை. இந்தப் பொருளுக்கு உங்கள் சொல் என்ன என்பதே அவற்றின் முதன்மையான வினா. இந்தச் சொல்லை எங்கே சொல்ல மாட்டீர்கள் என்னும் வினா அந்தப் படிவங்களில் அரிதாகவே இடம்பெற்றது.

தஞ்சையிலும் மதுரையிலும் அண்ணாமலைநகரிலும் மொழியியல் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களை நான் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் மாணவர்களை, ஃபோர்ட் கொச்சியில் வெளி என்னும் இடத்தில் உள்ள வண்ணார் தெருவுக்கு அனுப்புங்கள். பல தலைமுறைகளாக மலையாளத்தின் நடுவே வாழும் அந்தத் தமிழில், உண்டு என்பது நம் உண்டாகவே இருக்கிறதா, மலையாள உண்டாக மாறிவிட்டதா? குணங்களை அவர்கள் ‘இருக்கிறார்’ என்கிறார்களா, ‘அவருக்கு உண்டு’ என்கிறார்களா? வெளுப்பு, வெள்ளாவி, கஞ்சி முதலிய தொழிற்சொற்கள் எந்தத் துணிக்கு ஆகும், எதற்கு ஆகாது என்பனவற்றை அங்குள்ள பாட்டிமார்களிடமும் பெரியவர்களிடமும் சந்தர்ப்பம் சொல்லிக் கேட்கட்டும். அவர்கள் ‘அப்படிச் சொல்ல மாட்டோம்’ என்று மறுக்கும் இடங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக்கொள்ளட்டும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் படிக்கின்றனர். இந்த வேலையை அடுத்த தலைமுறைக்கு என்று ஒத்திவைக்க இடமில்லை.